தலைப்பிரட்டையின் வால் எங்கே போச்சு? கேன்சருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மழைக்காலத்தில் குட்டையில் இருந்து தலைப்பிரட்டையைப் பிடித்து வந்து ஜன்னலோர பாட்டிலில் வளர்த்த பிள்ளைகளுக்கு இது தெரியும். முதலில் பின்னங்கால் முளைக்கும். பிறகு முன்னங்கால். அப்புறம் ஒருநாள் பார்த்தால் வால் குட்டையாகியிருக்கும். இன்னும் சில நாளில் வாலே இருக்காது. பாட்டிலின் அடியில் தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால் அது அறுந்து விழவில்லை. தவளை தன் வாலைத் தானே கரைத்து, உள்ளுக்குள் இழுத்துக்கொண்டுவிட்டது.

'அதெப்படி கரையும்?' என்று ஒரு டாக்டர் கேட்டதில் இருந்துதான் இந்த வாரக் கதை தொடங்குகிறது. முடிகிற இடம், புற்றுநோய் வார்டு. நடுவில் சென்னையும் வருகிறது, கங்காரு வாலும் வருகிறது.

முதலில் கங்காரு.

கிண்டியில் ஒரு கங்காரு வால்

ஆட்டுக்கால் சூப் மிச்சமிருந்து, அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தால் அல்வா மாதிரி கெட்டியாகி ஆடும். எண்ணெய் உறைந்ததால் மட்டும் அல்ல. எலும்பையும் தசையையும் இணைக்கும் ஜவ்வில் இருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வந்த ஜெலட்டின் அது. கொதிப்பதற்கு முன்னால் அதன் பெயர் கொலாஜன். அந்தக் காலத்து ஆசாரிகள் மரத்தை ஒட்டக் காய்ச்சிய வஜ்ஜிரமும் தோல், எலும்பில் இருந்து எடுத்த இதே சரக்குதான். கொலாஜன் என்ற பெயரிலேயே கிரேக்க மொழியின் 'பசை' இருக்கிறது.

நம் உடம்பில் இருக்கிற புரதத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். தோல், எலும்பு, ஈறு, ரத்தக்குழாய்ச் சுவர், கண்ணின் கருவிழி என்று எங்கும் இருக்கிறது. செல்கள் வீடுகள் என்றால், அவற்றைத் தாங்கும் கம்பியும் கட்டுமானமும் கொலாஜன்.

இந்தக் கம்பி எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் சென்னைக்காரர்கள். 1952-ல், துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரின் அழைப்பில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என்.ராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அந்தச் சமயம் சென்னை வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், 'கொலாஜன் எப்படி இருக்கும் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை' என்று பேச்சுவாக்கில் சொல்ல, ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கொலாஜனுக்குப் பஞ்சமா? அங்கிருந்துதான் அவருக்கு ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் நாண் கிடைத்தது. அதன்மீது எக்ஸ்-ரே பாய்ச்சி எடுத்த படங்களைக் கொண்டு, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் அவர் சொன்னது: கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய புரி.

அடுத்த ஆண்டு அவர்களே அதைத் திருத்தி மெருகேற்றினார்கள். பிரான்சிஸ் கிரிக் உள்ளிட்டோர் அதில் மேலும் திருத்தம் சொன்னார்கள். அடிப்படையான மூன்று புரி அப்படியே நின்றது. இன்றும் அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்குப் பெயர் 'டிரிப்பிள் ஹெலிக்ஸ்'. பஸ்ஸில் தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியுமோ!

இந்த மூன்று புரியில்தான் விஷயம் இருக்கிறது. தேங்காய் நார்க் கயிற்றைத் தனித்தனி நாராகப் பிய்ப்பது சுலபம், முறுக்கிய கயிற்றைப் பிய்ப்பது கஷ்டம். கொலாஜனும் அப்படியே. வயிற்றில் இறைச்சியையும் பருப்பையும் செரிக்கிற சாதாரண என்சைம்கள், முறுக்குக் குலையாத கொலாஜனிடம் உடம்புச் சூட்டில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் தவளை எப்படித் தன் வாலைக் கரைக்கிறது?

பாஸ்டனில் ஒரு தலைப்பிரட்டை வால்

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ஜெரோம் கிராஸை இந்தக் கேள்வி விடவே இல்லை. கொலாஜனை வெட்டும் என்சைம் அப்போது கேள்விப்படாதது அல்ல. சதையை அழுகவைக்கிற சில பாக்டீரியாக்களிடம் அது இருந்தது. ஆனால் விலங்கின் உடம்பில் யாரும் அதைக் கண்டதில்லை. திசுவை அரைத்து, சாறு எடுத்துத் தேடியவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள்.

கிராஸும், பெல்ஜியத்தில் இருந்து வந்திருந்த சார்லஸ் லபியேரும் அரைப்பதை விட்டுவிட்டார்கள். கொலாஜனைத் தட்டில் ஊற்றி, பாலாடை போல் வெள்ளையாக உறையவைத்தார்கள். அதன்மேல் தலைப்பிரட்டையின் வால் துண்டை உயிரோடு வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், வால் துண்டைச் சுற்றி வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒரு வட்டம்! வால், தனக்குக் கீழே இருந்த கொலாஜனைத் தின்றிருந்தது. 1962-ல் வெளியான அந்தச் சின்னக் கட்டுரைதான் விலங்குகளின் 'கொலாஜனேஸ்' என்சைமுக்கு முதல் சாட்சி.

அரைத்தபோது ஏன் கிடைக்கவில்லை? செல்கள் இதைச் சேர்த்து வைப்பது இல்லை. வேண்டும்போது செய்து, வெளியே விடுகின்றன. அதோடு, அதை அடக்கிவைக்கிற பொருளும் திசுவிலேயே இருக்கிறது. மிக்ஸியில் போட்டால் கத்தரிக்கோலும் அதன் உறையும் சேர்ந்தே வரும். உயிருள்ள திசுவை வேலை செய்யவிட்டால்தான் கத்தரி வெளியே வரும்.

இந்த என்சைம் வெட்டுகிற விதமும் அழகு. கயிறு முழுவதையும் கொத்துவது இல்லை. குறிப்பிட்ட ஒரே இடத்தில், முக்கால் பாகமும் கால் பாகமுமாக மூன்று இழைகளையும் வெட்டுகிறது. அதன் வாய்க்குள் ஓர் இழைதான் நுழையும் என்பதால், முதலில் அந்த இடத்தில் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஒவ்வோர் இழையாக நறுக்குகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் உடம்புச் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். அதாவது, சூப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துச் சாதிப்பதை உடம்பு 37 டிகிரியில் ஒரே வெட்டில் சாதிக்கிறது. மிச்சத்தைச் சுத்தம் செய்ய ஜெலட்டினேஸ் என்ற வேறு கத்தரிகள் இருக்கின்றன.

இன்று இந்தக் குடும்பத்துக்கு 'மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்' என்று பெயர். சுருக்கமாக எம்.எம்.பி. மனிதருக்கு 23 வகை. எல்லாவற்றின் வாயிலும் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கும். வெட்டுவது அதன் உதவியால்தான். பெரும்பாலானவை செல்லை விட்டு வெளியே வரும்போது வாய் அடைத்தபடிதான் வரும். அந்த அடைப்பை எடுத்தால்தான் வேலை செய்யும். எடுத்த பிறகும் அடக்க 'டிம்ப்' எனப்படும் நான்கு காவலர்கள் உண்டு. இவ்வளவு பூட்டு எதற்கு என்றால், உடம்பையே வெட்டக்கூடிய கத்தரியை வீட்டில் திறந்துபோட முடியாது என்பதுதான்.

பிரசவம் வரை போகிற வேலை

நல்ல நாளில் இவை செய்யும் வேலையைப் பார்த்தால் வில்லன் என்று சொல்லவே மனம் வராது. பிரசவத்தின்போது சுமார் ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்குகிறது. அத்தனை கொலாஜனை வெட்டி அகற்றுவது இந்த என்சைம்கள். கையில் பட்ட காயம் ஆறுவதிலும், உடைந்த எலும்பு திரும்பச் சீராவதிலும், குழந்தை வளர வளர எலும்பின் வடிவம் மாறுவதிலும் இவை இருக்கின்றன.

இன்னும் ஆச்சர்யமானது, கர்ப்பத்தின் முதல் மாதங்கள். நஞ்சுக்கொடியின் செல்கள் இதே கத்தரிகளைக் கொண்டு தாயின் கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போகின்றன. ரத்தக்குழாய்வரை போய் இடம் பிடிக்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோய் ஊடுருவுவது போலவே இருக்கும். ஒரே வித்தியாசம், அவை போக வேண்டிய ஆழம்வரை போய் நின்றுவிடும்.

புற்றுநோய் செல் நிற்காது.

ரிப்போர்ட்டில் ஒரு வரி

மார்பில் கட்டிக்குப் பயாப்ஸி எடுத்தவர்கள் சிலர் ரிப்போர்ட்டில் 'இன் ஸிட்டு' என்று பார்த்திருப்பார்கள். 'இருந்த இடத்திலேயே' என்று அர்த்தம். வேறு சிலருக்கு 'இன்வேஸிவ்' என்று வந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய விரிப்பு.

பால் குழாய், வாயின் உட்புறம், குடல், கருப்பை வாய் என எங்கெல்லாம் மேல்தோல் செல்கள் வரிசையாக இருக்கின்றனவோ, அங்கெல்லாம் அவற்றுக்குக் கீழே பேஸ்மென்ட் மெம்ப்ரேன் என்ற அடிச்சவ்வு விரிந்திருக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இது நாலாம் வகைக் கொலாஜனால் பின்னிய வலை. ரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் இந்தச் சவ்வுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. செல்கள் எவ்வளவு கெட்டுப்போய்ப் பெருகினாலும், சவ்வுக்கு இந்தப் பக்கமே இருக்கும்வரை அது 'இன் ஸிட்டு'. மார்பகத்தில் அதற்கு ஸ்டேஜ் ஜீரோ என்று பெயர். அந்த நிலையில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக மிக அதிகம். கருப்பை வாய்க்கு எடுக்கிற பாப் ஸ்மியர் சோதனை முழுக்க முழுக்க இந்த எல்லையைத் தாண்டுவதற்கு முன்னால் பிடிப்பதற்காகத்தான். சவ்வைத் தாண்டிவிட்டால் கதை வேறு. புற்றுநோயில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் முதலில் வந்த கட்டி அல்ல, அங்கிருந்து கிளம்பி நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் போய்க் குடியேறிய செல்கள்தான்.

சவ்வை எப்படித் தாண்டுகின்றன? 1980-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் லான்ஸ் லியோட்டாவும் சக ஆய்வாளர்களும் எலிகளின் புற்றுநோய் செல்களை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். எந்த செல்லுக்குப் பரவும் குணம் அதிகமோ, அது நாலாம் வகைக் கொலாஜனை வெட்டுகிற திறனும் அதிகமாக இருந்தது. ஒட்டு, வெட்டு, நகர் என்று மூன்றே படிகளில் ஊடுருவலை லியோட்டா விளக்கினார். அந்த வெட்டுகிற என்சைம்கள் பிற்பாடு எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 என்று பெயர் பெற்றன.

1990-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்து வந்த முடிவு எல்லாரையும் குழப்பியது. மார்பகப் புற்றுக் கட்டியில் ஒரு எம்.எம்.பி. ஏராளமாக இருந்தது. ஆனால் அதைச் செய்தது புற்றுநோய் செல் அல்ல! சுற்றிலும் இருந்த, கெட்டுப்போகாத, சாதாரண இணைப்புத் திசு செல்கள். திருடன் கதவை உடைக்கவே இல்லை, அக்கம்பக்கத்தாரைப் பேசியே மசியவைத்து அவர்கள் கையாலேயே கதவைத் திறக்கவைக்கிறான்.

1994-ல் ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகக் குழு இன்னொன்றைக் கண்டது. எம்.எம்.பி-14. இது வெளியே மிதப்பது இல்லை. செல்லின் மேற்பரப்பிலேயே, முன்னே நீட்டுகிற முனையில் பல் மாதிரிப் பொருத்தப்பட்டிருக்கும். தானும் வெட்டும், எம்.எம்.பி-2-ன் வாய் அடைப்பையும் எடுத்துவிடும்.

இரண்டு கம்பெனிகள், ஒரு நம்பிக்கை

இவ்வளவு தெரிந்த பிறகு யாருக்கும் தோன்றுவதுதான். கத்தரியின் வாயை அடைத்துவிட்டால் போச்சு!

1990-களில் உலகம் முழுக்க மருந்து கம்பெனிகள் இதன் பின்னால் ஓடின. முன்னால் ஓடியது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பிரிட்டிஷ் பயோடெக். துத்தநாக அணுவைக் கவ்விக்கொள்கிற மருந்து செய்தார்கள். முதலில் வந்த பாட்டிமாஸ்டாட் வாய்வழி எடுத்தால் வேலை செய்யவில்லை. அடுத்து வந்த மாரிமாஸ்டாட், மாத்திரை. எலிகளிடம் நன்றாக வேலை செய்தது. கம்பெனியின் பங்கு விலை எங்கோ ஏறியது.

மனிதர்களிடம் கொடுத்ததும் முதல் புகார் மூட்டில் இருந்து வந்தது. தோள்பட்டை இறுகியது. விரல்கள் மடங்க மறுத்தன. யோசித்தால் ஆச்சர்யம் இல்லை. மூட்டிலும் நாணிலும் கொலாஜன் தினமும் பழுது பார்க்கப்படுகிறது. எல்லாக் கத்தரியையும் அடைத்தால் பழுது பார்க்கும் கத்தரியும் சேர்ந்து அடைபடும். வலி தாங்காமல் சிலருக்கு மருந்தை இடையில் நிறுத்தவேண்டி வந்தது.

இரண்டாவது புகார் கம்பெனிக்குள்ளேயே கிளம்பியது. மருத்துவ ஆய்வுப் பிரிவின் தலைவர் ஆண்ட்ரூ மில்லர், மருந்துகளின் மீது தனக்கிருந்த சந்தேகத்தைப் பெரிய பங்குதாரர்களிடம் பேசினார். 1998-ல் அவரை வேலையில் இருந்து அனுப்பினார்கள். பங்கு விலை சரிந்தது. சந்தேகப்பட்டவர் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருந்தார். கணையப் புற்றுநோயாளிகள் 414 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2001-ல் வெளியானபோது, ஏற்கெனவே கடைகளில் இருந்த ஜெம்சிடபைனைவிட மாரிமாஸ்டாட் மேலானதாக இல்லை.

'மேலாக இல்லை' என்பதாவது பரவாயில்லை. ஜெர்மனியின் பேயர் கம்பெனி செய்த டனோமாஸ்டாட்டின் கதை மோசம். நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இந்த மருந்து சாப்பிட்டவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். 1999-ல் எல்லாச் சோதனைகளையும் நிறுத்தினார்கள். கணையப் புற்றுநோய்ச் சோதனையில் ஜெம்சிடபைன் எடுத்தவர்கள் சராசரியாக 6.6 மாதம் இருந்தார்கள், டனோமாஸ்டாட் எடுத்தவர்கள் 3.7 மாதம். கட்டுரையில் அது ஓர் அட்டவணையின் இரண்டு எண்கள். வீட்டில் அது ஒரு தீபாவளி, ஒரு பேரப்பிள்ளையின் பிறந்தநாள்.

எங்கே தப்பு நடந்தது? 2002-ல் 'சயின்ஸ்' இதழில் மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து இதைப் பிரேதப் பரிசோதனை மாதிரி பிரித்துப் பார்த்தார்கள்.

எலிகளுக்கு மருந்து கொடுத்தது, கட்டி இன்னும் சின்னதாக, பரவத் தொடங்குவதற்கு முன்னால். மனிதர்களுக்குக் கொடுத்தது, ஏற்கெனவே பரவி முடிந்த பிறகு. திருட்டுப் போன வீட்டுக்குப் பூட்டு வாங்கிய கதை. இதைச் சோதனை ஆரம்பிக்கும் முன்பே யோசித்திருக்க வேண்டாமா என்று இன்று கேட்பது சுலபம். ஆனால், ஆரம்பநிலை நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும் என்றால் பல வருடம் காத்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அடுத்தது, எல்லாக் கத்தரியும் எதிரி அல்ல. 2003-ல் ஸ்பெயினின் ஒவியேடோவில் கார்லோஸ் லோபெஸ்-ஒட்டினின் குழு, எம்.எம்.பி-8 இல்லாத எலிகளை வளர்த்தது. கத்தரி குறைந்தால் புற்றும் குறைய வேண்டும் அல்லவா? ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் அதிகமாக வந்தன. அந்த என்சைம் காவல் வேலை செய்துகொண்டிருந்தது. கொலாஜனின் சில துண்டுகளுக்கே, கட்டிக்கு ரத்தக்குழாய் போடவிடாமல் தடுக்கும் குணம் உண்டு. பதினெட்டாம் வகைக் கொலாஜனில் இருந்து உடையும் எண்டோஸ்டாட்டின் அப்படிப்பட்டது. ஜூடா ஃபோக்மேனின் ஆய்வுக்கூடம் அதை 1997-ல் அறிவித்தது. வெட்டுவதை நிறுத்தினால் இந்த நல்ல துண்டுகளும் வராமல் போகும்.

மூன்றாவது காரணம் புற்றுநோய் செல்லின் சாமர்த்தியம். 2003-ல் பீட்டர் ஃபிரிடலின் குழு, எல்லாக் கத்தரிகளையும் அடைத்துவிட்டுக் கொலாஜன் வலைக்குள் புற்றுநோய் செல்களை விட்டுப் பார்த்தது. அவை நிற்கவில்லை. உடம்பைக் குறுக்கி, அமீபா மாதிரி நெளிந்து, வலையின் ஓட்டைகளுக்குள் நுழைந்து போயின. பூனைக்குத் தலை நுழைந்தால் உடம்பு நுழையும் என்பார்கள். செல்லுக்கு அந்தத் தலை, அதன் உட்கரு. உட்கருவின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே ஓட்டை சிறுத்தால்தான் செல் மாட்டிக்கொள்கிறது. அப்போதுதான் அதற்குக் கத்தரி கட்டாயம் தேவை.

எம்.எம்.பி-9 ஒன்றை மட்டும் குறிவைத்து அமெரிக்காவின் கிலியட் கம்பெனி ஓர் ஆன்டிபாடி செய்து பார்த்தது. இரைப்பைப் புற்றுநோய்க்கான பெரிய சோதனையில் அதுவும் தோற்றது.

வேடிக்கை என்னவென்றால், எம்.எம்.பி-யைத் தடுப்பதற்கென்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஒரே மருந்து, பழைய டாக்ஸிசைக்ளின். கிருமியைக் கொல்லாத அளவுக்குக் குறைந்த டோஸில், 1998-ல், ஈறு நோய்க்கு!

கத்தரியே காட்டிக்கொடுத்தால்?

அடக்க முடியாத கத்தரியை வேறு விதமாகப் பயன்படுத்தலாமே என்று இன்னொரு கூட்டம் யோசித்தது. வெட்டுப்பட்டால் ஒளிர்கிற மருந்து ஒன்றை உடம்பில் ஏற்றினால்? எங்கே கத்தரி அதிகமாக வேலை செய்கிறதோ அங்கே வெளிச்சம் வரும்.

மார்பகக் கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனில் சர்ஜனுக்கு எப்போதும் உள்ள கவலை, ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது. பத்தாலஜி ரிப்போர்ட் வர நாளாகும். மிச்சம் இருந்தால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி. 2024 ஏப்ரலில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்த லுமிஸைட் என்ற மருந்தை ஆபரேஷனுக்கு முன் ஊசியில் ஏற்றுகிறார்கள். எம்.எம்.பி-யும் கேதெப்சின் என்ற இன்னொரு வகை என்சைமும் அதை வெட்டினால் அது ஒளிரும். கட்டியை எடுத்த குழிக்குள் சின்னக் கருவியை வைத்து சர்ஜன் பார்க்கிறார். ஒளிர்கிற இடம் இருந்தால் அங்கேயே, அப்போதே இன்னும் கொஞ்சம் எடுக்கிறார். சிலருக்குக் கடுமையான அலர்ஜி வரலாம் என்ற எச்சரிக்கையோடுதான் இது வந்திருக்கிறது. மிச்சம் எல்லாவற்றையும் இது காட்டிவிடும் என்பதும் இல்லை.

கொலாஜன் பவுடர் விளம்பரங்கள் மொபைல் முழுக்க வருவதால், 'அதைக் குடித்தால் கேன்சருக்குத் தீனியாகுமா?' என்று சிலர் பயப்படுகிறார்கள். 'கேன்சர் சவ்வைத் தாண்டாமல் வலுவாக்குமா?' என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். குடித்த கொலாஜன் குடலில் அமினோ அமிலமாகவும் குட்டித் துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்துக்குப் போகும். கயிறாகப் போய் எந்தச் சவ்விலும் ஒட்டிக்கொள்ளாது. சிகிச்சையில் இருப்பவர்கள் எந்தப் பவுடரையும் தங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

வாய்க்குள் ஒரு தோல் ஷெட்

கத்தரி அதிகமானால் ஆபத்து என்று பார்த்தோம். குறைந்தாலும் ஆபத்து என்பதற்கு உதாரணம் நம் ஊரிலேயே, பெட்டிக்கடை வாசலிலேயே இருக்கிறது.

பாக்கு, பான் மசாலா, குட்கா போடுகிறவர்களில் சிலருக்கு முதலில் காரம் தாங்காது. ரசம் சாப்பிட்டாலே வாய் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளுக்கும். தொட்டால் பட்டை பட்டையாக நார் ஓடியது தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறப்பது குறையும். இட்லியைப் பிய்த்துச் சிறிதாக்கித்தான் உள்ளே தள்ள முடியும். வாய் உட்சவ்வு நாரிழைப்பு நோய் இது. பல் டாக்டர்கள் ஓ.எஸ்.எம்.எஃப். என்பார்கள்.

நடப்பது இதுதான். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள், கன்னத்துச் செல்களைத் தூண்டி அளவுக்கு மீறிக் கொலாஜன் செய்யவைக்கிறது. பாக்கில் தாமிரமும் அதிகம். அது, கொலாஜன் இழைகளைக் குறுக்கே தைக்கிற என்சைமை முடுக்கிவிடுகிறது. அதற்கு மேல் பாக்கின் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பைத் தருகிற டானின்கள் கொலாஜன் கயிற்றோடு ஒட்டி, கத்தரிக்கு அகப்படாதபடி அதைக் கெட்டியாக்குகின்றன. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஆட்டுத்தோலை ஊறவைத்துப் பதப்படுத்துவது தமிழ்நாட்டின் பழைய தொழில். பட்டையின் டானின் தோலின் கொலாஜனைப் பிடித்துக்கொள்வதால்தான் தோல் அழுகாமல் பல வருடம் உழைக்கிறது. பாக்கை மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கிவைப்பவர், அதே வேலையைத் தன் கன்னத்தில் செய்துகொண்டிருக்கிறார்.

இறுகிப்போன இந்தத் திசுவுக்கு மேலே இருக்கும் செல்கள் மெலிந்து, நாளடைவில் சிலருக்குப் புற்றுநோயாக மாறுகின்றன. இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. 'நான் புகையிலை போடுறதில்லை, பாக்கு மட்டும்தான்' என்கிற சமாதானம் அன்றே காலாவதி ஆகிவிட்டது. பல கடைகளில் இன்னும் அது தெரியாது.

இறுகியதைப் பழையபடி முழுதாக இளக்குகிற மருந்து கிடையாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது குறையும். வாய் திறக்கும் பயிற்சி, கன்னத்தில் போடும் ஊசி, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று சிகிச்சைகள் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ அவ்வளவு பலன். அதைவிட முக்கியமாக, மாறத் தொடங்கிய இடத்தை டாக்டர் பார்த்து, சவ்வைத் தாண்டுவதற்கு முன்னால் பயாப்ஸி எடுக்க முடியும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக வைத்தால், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைய வேண்டும். பாக்கு போடும் அப்பாவிடமோ, சித்தப்பாவிடமோ, 'காலேஜ்ல எல்லாரும் போடுறாங்க' என்கிற தம்பியிடமோ இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது சொல்லிப் பார்க்கலாம். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால், பல் டாக்டரிடம் இந்த வாரமே போக வேண்டும்.